அருங்காட்சியகத்தில் பார்த்ததை அஞ்சலட்டைக்குக் கொண்டுவருவது எப்படி?

கேள்வி: தாள்துண்டு, திருப்பூர்

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இரண்டு ஆண்டுகளாக, மாதத்துக்கு ஓர் அட்டை என்ற கணக்கில் கொலாஜ் (தாள் துண்டுகளை ஒட்டிச் செய்யும் படம்) செய்து, புனேயில் இருக்கும் கல்லூரித் தோழிக்கும் தஞ்சாவூரில் இருக்கும் சித்தி மகளுக்கும் தபாலில் அனுப்பி வருகிறேன். அவர்களும் தங்கள் கையால் ஒட்டிய அட்டைகளைப் பதிலுக்கு அனுப்புகிறார்கள். தாளுக்கு எனக்குப் பஞ்சமே இல்லை. ஆர்டர் முடிந்த பிறகு மிஞ்சும் ஹேங் டேக்குகள் (ஆடையில் தொங்கவிடும் அட்டைச் சீட்டுகள்), சலவைக் குறிப்பு லேபிள்கள், நிற மாதிரி காட்டும் ஷேடு கார்டுகள், தீப்பெட்டிப் படங்கள், அம்மாயி வீட்டுப் பரணில் கிடைத்த பழைய கல்யாணப் பத்திரிகைகள், அப்பச்சி (அம்மாவின் அப்பா) எழுதிய இன்லேண்டு கடிதங்கள் என்று மூன்று பெட்டி நிறையச் சேர்ந்துவிட்டன.

எனக்கு வந்திருக்கும் சிக்கல் வேறு. வண்ணத்தையும் எழுத்தையும் பார்த்து ஒட்டிக்கொண்டே போனதில் என் அட்டைகள் எல்லாம் ஒன்றுபோலவே ஆகிவிட்டன. புதிதாக எதையாவது பார்க்க வேண்டும் என்று தோன்றியதால், சென்ற மாதம் கோவை ஆர்.எஸ்.புரம் பக்கம் வனத்துறை வளாகத்துக்குள் இருக்கும் காஸ் வன அருங்காட்சியகத்துக்குப் போனேன். 1902-இல் திறக்கப்பட்ட அந்தக் கூடத்தில் மரங்களின் குறுக்குவெட்டுத் துண்டுகளையும் பூச்சிகளையும் பதப்படுத்தி வைத்த விலங்குகளையும் பார்த்துப் பிரமித்துப் போனேன். கேட்டுக்கொண்டு 140 படங்கள் எடுத்தேன். வீட்டுக்கு வந்து அவற்றில் இருபதை அச்செடுத்து, ஓரம் வெட்டி, அட்டையில் ஒட்டினேன். அங்கே நின்றபோது எனக்குள் உண்டான வியப்பில் ஒரு துளிகூட அட்டையில் இறங்கவில்லை. இன்னின்ன பொருள்களைப் பார்த்தேன் என்று பட்டியல் போட்டது போலத்தான் இருந்தது. பார்த்தது அட்டைக்குள் வருவதற்கு என்ன செய்ய வேண்டும்?

கூடவே இரண்டு நடைமுறைக் கேள்விகளும் உண்டு. ஒட்டிக் காய்ந்ததும் அட்டை கிண்ணம் போல வளைந்துவிடுகிறது. ஆனி, ஆடியில் சாரல் அடிக்கும் நாட்களில் இன்னும் மோசம். அடுத்து, தஞ்சாவூருக்குப் போன இரண்டு அட்டைகளில் ஓரத்துத் துண்டுகள் வழியிலேயே உதிர்ந்துவிட்டன. உறைக்குள் போட்டால் பத்திரமாகப் போய்ச் சேரும். ஆனால் உறைக்குள் போட்டுவிட்டால் அது அஞ்சல் கலையே (தபாலில் அனுப்பிப் பெறுவதையே கலையாகக் கொள்வது) ஆகாது என்று தோழி சொல்கிறாள். அது சரியா?

பதில்: ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர், ஈரோடு

அம்மணி, நீங்கள் போன இடம் நல்ல இடம், பார்த்த பொருள்களும் நல்ல பொருள்கள். 140 என்ற எண்ணிக்கைதான் குறுக்கே நிற்கிறது. ஒரே பிற்பகலில் அத்தனை படம் எடுத்த கண், எந்தப் பொருளிடமும் ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றிருக்க முடியாது. படம் எடுத்துவிட்டோம், வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கண் அந்த வேலையைக் கேமராவிடம் ஒப்படைத்துவிடும். வீட்டுக்கு வந்தால் கையில் இருப்பது கேமரா பார்த்தது மட்டுமே.

நான் 31 ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் ஓவியம் கற்பித்தவன். வ.உ.சி. பூங்காவில் இருக்கும் எங்கள் ஊர் அரசு அருங்காட்சியகத்துக்கு ஆண்டுதோறும் எட்டாம் வகுப்பை அழைத்துச் செல்வேன். ஒரு பிள்ளைக்கு ஒரு பொருள், அரை மணி நேரம், ஒரு பென்சில், அழிப்பான் கிடையாது. இதுதான் என் ஏற்பாடு. பள்ளிக்குத் திரும்பியதும் நோட்டை மூடச் சொல்லிவிட்டு, நினைவில் நிற்பதைப் பழைய தாளில் கிழித்து ஒட்டச் சொல்வேன். கத்தரிக்கோலும் தர மாட்டேன்.

ஒருமுறை ஒரு சிறுமிக்குப் புலிக்குத்திக் கல் ஒன்று கிடைத்தது. நம் கொங்கு நாட்டில் மாட்டுப் பட்டிகளைக் காக்கப் புலியோடு பொருது மாண்டவனுக்கு எடுத்த நடுகற்கள் ஊருக்கு ஊர் உண்டு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பின்னங்கால்களில் நிமிர்ந்து நிற்கும் புலி, அதன் உடலில் ஆயுதத்தைப் பாய்ச்சும் வீரன், இருவரும் ஒரே உயரம். மற்ற பிள்ளைகள் எல்லாம் ஆளை முதலில் கிழித்தார்கள், அல்லது புலியை முதலில் கிழித்தார்கள். இந்தப் பெண் எடுத்த எடுப்பிலேயே வெள்ளைத் தாளில் வேப்பிலை போன்ற ஒரு வடிவத்தைக் கிழித்து நடுவில் வைத்தாள். என்னம்மா இது என்று கேட்டேன். "ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கிற சந்துங்க சார்" என்றாள். அந்த இடைவெளியை வைத்த பிறகு, வெல்ல மூட்டையின் பழுப்புத் தாளில் புலியை ஒரு பக்கமும், செய்தித்தாளில் வீரனை மறுபக்கமும் அதை ஒட்டினாற்போல் நெருக்கி வைத்தாள். கல்லில் இருந்த அந்த மூச்சுமுட்டல் அப்படியே தாளில் வந்துவிட்டது. கண்ணும் வாயும் புலிவரியும் அவள் போடவே இல்லை. அதைக் காட்டித்தான் அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பாடம் சொன்னேன். பொருளின் படத்தை ஒட்டாதீர்கள், அதன் அமைப்பை ஒட்டுங்கள் என்பதே நான் உங்களுக்கும் சொல்வது.

பினோத் பிஹாரி முகர்ஜி (1904–1980) என்ற சாந்திநிகேதன் ஓவியர் 1950-களில் முற்றாகப் பார்வை இழந்தார். அதன் பிறகும் வண்ணத்தாளை வெட்டி ஒட்டிப் படங்கள் செய்தார். வாழ்நாள் முழுவதும் நின்று பார்த்திருந்தவருடைய விரல்களில் வடிவங்கள் தங்கியிருந்தன. அவருடைய ஆசிரியரான நந்தலால் போஸ், நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் அஞ்சலட்டைகளில் சின்னச் சின்னப் படங்களை வரைந்து அனுப்பிக்கொண்டே இருந்தவர். ஆகவே நீங்கள் செய்யும் வேலை எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட வழக்கம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் மேரி டெலனி (1700–1788) என்ற அம்மையார், கணவரை இழந்த பிறகு, 72 வயதில்தான் தாள் வெட்டிப் பூக்கள் செய்யத் தொடங்கினார். மேசை மேல் கிடந்த சிவப்புத் தாளின் நிறமும் பக்கத்தில் இருந்த ஜெரேனியப் பூவிதழின் நிறமும் ஒத்துப்போனதைப் பார்த்ததுதான் தொடக்கம். பார்வை மங்கும்வரை பத்தாண்டுக் காலத்தில் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான பூக்களைச் செய்து முடித்தார். அவை இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு பூவும் கரிய பின்புலத்தில் நூற்றுக்கணக்கான சிறு துண்டுகளால் ஆனது. எதிரில் பூவை வைத்துக்கொண்டு இதழ் இதழாகப் பார்த்த பார்வையின் பலன் அது.

எனவே அதே அருங்காட்சியகத்துக்கு மறுபடி போங்கள், கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிடுங்கள். தேக்கின் குறுக்குவெட்டு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தேக்கில் ஆண்டு வளையம் தெளிவாகத் தெரியும். அகன்ற வளையமும் குறுகிய வளையமும் எந்த ஒழுங்கில் மாறி மாறி வருகின்றன, மையம் உண்மையிலேயே நடுவில் இருக்கிறதா, எங்கே நெருங்குகிறது, எங்கே விலகுகிறது என்று அரை மணி நேரம் பாருங்கள். வளையத்தைச் செய்வதற்கான தாள் உங்கள் பெட்டியிலேயே இருக்கிறது. என்ன தாள் என்று நான் சொல்ல மாட்டேன், அது உங்கள் கைக்குத் தெரியும்.

ஒரு வேண்டுகோள். உங்கள் அப்பச்சியின் கடிதங்களைத் தயவுசெய்து வெட்டாதீர்கள். நகலெடுத்து, நகலை வெட்டுங்கள்.

பதில்: பழைய பைண்டர் வீட்டுப் பெண், கரூர்

ஆசிரியர் ஐயா பார்வையைப் பற்றிச் சொல்லிவிட்டதால் பசையையும் தபாலையும் நான் எடுத்துக்கொள்கிறேன். எங்கள் அப்பா நாற்பது ஆண்டு நோட்டுப் புத்தகமும் பேரேடும் பைண்டு செய்தவர். நான் பதினோரு ஆண்டுகளாக அஞ்சல் கலை அட்டைகள் அனுப்பி வருகிறேன்.

அட்டை வளைவதற்குக் காரணம் பசையில் இருக்கும் தண்ணீர். ஈரம் பட்ட தாள் விரிகிறது; விரிந்த நிலையிலேயே அதை அட்டையில் ஒட்டுகிறீர்கள்; காயும்போது அது சுருங்கி அட்டையையும் சேர்த்து இழுக்கிறது. தாளில் நார்கள் ஒரு திசையில் ஓடும். அந்த ஓட்டத்துக்குக் குறுக்காகத்தான் விரிவும் சுருக்கமும் அதிகம். செய்தித்தாளை மேலிருந்து கீழே கிழித்தால் நேராகக் கிழியும், குறுக்கே கிழித்தால் கோணல்மாணலாகப் போகும். நார் ஓட்டத்தைத் தெரிந்துகொள்ள அதுவே போதும். பெரிய துண்டுகளின் நார் ஓட்டமும் அட்டையின் நார் ஓட்டமும் ஒரே திசையில் இருக்குமாறு ஒட்டுங்கள். முன்பக்கம் முழுவதும் மூடி ஒட்டினால், பின்பக்கத்திலும் அதே கனமுள்ள வெறுந்தாள் ஒன்றை ஒட்டிவிடுங்கள். இரண்டு பக்கமும் சமமாக இழுத்துக்கொள்வதால் அட்டை நேராக நிற்கும். எங்கள் அப்பா பேரேட்டு அட்டை ஒவ்வொன்றுக்கும் இப்படித்தான் செய்வார். பிறகு இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவில் வைத்து, மேலே கனமான புத்தகங்களை ஏற்றி, ஓர் இரவும் ஒரு பகலும் தொடாமல் விட்டுவிட வேண்டும். சாரல் காலத்தில் இரண்டு பகல்.

மைதாப் பசை போதும். ஒரு பங்கு மைதாவை ஐந்து பங்கு பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறிக்கொண்டே இருந்தால் வெள்ளை மாறிக் கண்ணாடி போல் ஆகும்போது இறக்கிவிடலாம். பைண்டர்கள் இதில் மயில்துத்தம் சிறிது சேர்ப்பார்கள். பூஞ்சையும் இராமபாணப் பூச்சியும் அண்டாது. ஆனால் அது நஞ்சு என்பதால் வீட்டில் குழந்தைகள் இருந்தால் சேர்க்காமல், இரண்டு நாளுக்கு வேண்டியதை மட்டும் காய்ச்சிக்கொள்ளுங்கள். உங்கள் ஹேங் டேக்குகளில் பலவற்றுக்கு லேமினேஷன் போட்டிருப்பார்கள். அந்த வழவழப்பில் தண்ணீர்ப் பசை எதுவும் நிற்காது. உங்களுக்கு உதிர்ந்த ஓரங்கள் அவையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒட்டும் பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கிவிட்டு, ஃபெவிக்காலைத் தண்ணீர் கலக்காமல் மெல்லிசாகத் தடவுங்கள். எந்தத் துண்டும் அட்டையின் விளிம்பைத் தாண்டவோ விளிம்போடு சரியாக முடியவோ கூடாது. ஒன்று விளிம்புக்கு அரை சென்டிமீட்டர் உள்ளேயே முடிய வேண்டும், இல்லையென்றால் விளிம்பைச் சுற்றிப் பின்பக்கம் மடங்கி ஒட்டியிருக்க வேண்டும். கையும் இயந்திரமும் பிடித்து இழுப்பது விளிம்பைத்தான்.

எடையைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) கணக்கு திருப்பூர்க்காரருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 14 செ.மீ. நீளமும் 9 செ.மீ. அகலமும் உள்ள 300 ஜி.எஸ்.எம். அட்டை நாலு கிராம்கூட வராது. 80 ஜி.எஸ்.எம். தாளை அதன் மேல் மூன்று அடுக்கு முழுமையாக ஒட்டினாலும் ஏழு கிராம்தான். 20 கிராம்வரை கடிதத்துக்கு ஐந்து ரூபாய் என்பதால், 50 பைசா கார்டின் மேல் ஒட்டி அனுப்பித் தகராறு வளர்ப்பதைவிட, சொந்த அட்டையில் ஐந்து ரூபாய்க்குத் தபால் தலை ஒட்டிக் கவுண்டரில் நேரில் கொடுத்துவிடுவது நல்லது. பின்பக்கத்தில் பாதியை முகவரிக்காக வெறுமையாக விட்டு, பின்கோடைப் பெரிதாக எழுதுங்கள். 1972 ஆகஸ்ட் 15 முதல் இந்த ஆறு இலக்கங்கள்தான் கடிதங்களுக்கு வழிகாட்டி வருகின்றன. பழைய தபால் தலைகளைக் கொலாஜில் சேர்ப்பதாக இருந்தால் முன்பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், செல்லுபடியாகும் தலைக்குப் பக்கத்தில் வேண்டாம்.

உறை பற்றிய கேள்விக்கு வருகிறேன். அஞ்சல் கலைக்குத் தந்தை என்று பலரும் சொல்லும் ரே ஜான்சன் (1927–1995), அமெரிக்காவில் 1950-களிலிருந்தே கொலாஜ்களைத் தபாலில் அனுப்பி வந்தவர். பெற்றுக்கொண்டவர் அதில் எதையாவது சேர்த்துத் திருப்பி அனுப்ப வேண்டும், அல்லது இன்னொருவருக்கு அனுப்ப வேண்டும் என்று எழுதியும் அனுப்புவார். உறைக்குள் போட்டும் ஏராளமாக அனுப்பியிருக்கிறார். இப்படிச் சேர்ந்த கூட்டத்துக்கு நியூயார்க் கடிதத் தொடர்புப் பள்ளி என்று பெயர். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லின் கடைசிப் பகுதியை நடனம் என்று பொருள்படும்படி வேண்டுமென்றே மாற்றி எழுதினார். 1970-இல் நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்தில் அந்தப் பள்ளியின் பெயரில் கண்காட்சி நடந்தபோது, அவருடைய அழைப்பை ஏற்றுப் பலர் அனுப்பியவைதான் சுவரில் இருந்தன. பிற்காலத்தில் அஞ்சல் கலைக் கண்காட்சிகளில் தேர்வுக்குழு கிடையாது, கட்டணம் கிடையாது, வந்தது எல்லாமே காட்சிக்கு வரும் என்பது வழக்கமாயிற்று. ஆக, கலை இருப்பது அனுப்புவதிலும் சேர்ப்பதிலும்தான். உங்கள் தோழியிடம் என் அன்பைத் தெரிவித்து இதைச் சொல்லுங்கள்.

இருந்தாலும் நான் உறை போடுவதில்லை. அதற்குக் காரணமும் ஓர் அருங்காட்சியகம்தான். அமராவதி ஆற்று மணலில் கிடைத்த சேரர் காசுகள் எங்கள் ஊருக்குப் பெருமை. அவற்றில் மாக்கோதை என்று தமிழ் எழுத்தில் பெயர் பொறித்த வெள்ளிக்காசு உண்டு. ஒரு தலை, அதற்கு மேலே ஒரு பெயர், அவ்வளவுதான். அந்த வட்டத்தை முதலில் பார்த்தபோது, தபால் நிலையத்தின் தேதி முத்திரையும் இதே இனம்தானே என்று தோன்றியது. இரண்டும் வட்டம். இரண்டிலும் ஒரு பெயர். இரண்டும் ஒரே அடியில் விழுபவை, அடித்தவர் கையின் சாய்வைக் காட்டுபவை. அன்றிலிருந்து என் ஒவ்வோர் அட்டையிலும் முத்திரைக்காக ஒரு வெற்றிடம் விட்டுவிடுகிறேன். தபால் தலையை முன்பக்கத்திலேயே, கொலாஜின் ஒரு பகுதியாக ஒட்டிவிட்டு, கவுண்டரில் இருப்பவரிடம் "இந்த இடத்தில் கையால் ஒரு முத்திரை போட்டுக் கொடுங்கள்" என்று கேட்பேன். பெரும்பாலும் மறுப்பதில்லை. ஒரு பெரியவர் மையை இரண்டு முறை ஒற்றி, வெறுந்தாளில் ஒரு தடவை சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் என் அட்டையில் அடித்தார். படத்தை முடித்து வைத்த கை அவருடையது.

பதில்: தறிவீட்டுப் பையன், சிறுமுகை

அக்கா, இரண்டு பெரியவர்கள் சொன்னதையும் படித்தேன். கோவை அவிநாசி சாலையில் இருக்கும் கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடத்தையும் அங்குள்ள ஜவுளி அருங்காட்சியகத்தையும் உங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். நூலும் துணியுமாக வேலை பார்க்கும் உங்களுக்கு அங்கே பார்க்க நிறைய இருக்கும்.

ஆசிரியர் ஐயாவுடன் ஓர் இடத்தில் நான் மாறுபடுகிறேன். மூலத்தை வெட்டாதே, நகலை வெட்டு என்பது எல்லாவற்றுக்கும் பொருந்தாது. ஜெர்மனியில் குர்ட் ஷ்விட்டர்ஸ் தெருவில் கிடந்த டிராம் டிக்கெட்டுகளையும் உறைத் துண்டுகளையும் அப்படியே எடுத்து ஒட்டினார். ஒரு வங்கி விளம்பரத்தின் கிழிந்த துண்டில் மிஞ்சி நின்ற மெர்ட்ஸ் என்ற அசையையே 1919-இல் தன் கலைக்குப் பெயராக வைத்தார். அந்த டிக்கெட்டில் யாரோ ஒருவரின் விரல் பட்ட மடிப்பு இருக்கிறதே, நகலில் அது வருமா?

எங்கள் வீட்டில் பட்டுத்தறி. தறியில் பூ வேலைப்பாட்டை விழவைக்கும் ஜக்கார்டு பெட்டியில் ஓடிய பழைய அட்டைகள் மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றன. ஓர் அட்டை என்பது ஊடையில், அதாவது குறுக்கு நூலில், ஓர் இழை. துளை இருக்கும் இடத்தில் கொக்கி தூக்கப்பட்டு, நீளவாக்கில் ஓடும் பாவிழை மேலே எழும்பும், துளை இல்லாத இடத்தில் இழை அப்படியே கிடக்கும். 400 கொக்கிப் பெட்டியின் அட்டையில் துளைகள் எட்டு வரிசையாக ஓடும். அட்டைகளை வரிசையாகக் கயிற்றில் கோத்திருப்போம். தறியோடு சேர்ந்து சுற்றிச் சுற்றி அட்டையின் ஓரம் துணி போல் மிருதுவாகிவிடும், துளையின் விளிம்பில் எண்ணெய் ஏறிக் கறுத்திருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஒரு மாங்காய் பூட்டாவின் (சேலையில் வரும் சிறு வேலைப்பாடு) ஒரே ஒரு வரி தெரியும், மாங்காய் தெரியாது. மாங்காய் தெரிய நூற்றுக்கு மேற்பட்ட அட்டைகள் வேண்டும். இப்போது பல தறிகளில் கணினி வந்துவிட்டதால் இந்த அட்டைகளை எடைக்குத்தான் போடுகிறார்கள். இதை நகலெடுத்தால் துளை கறுப்புப் புள்ளியாகிவிடும், வெளிச்சம் போகாது. உங்கள் முகவரியைத் தனிச் செய்தியில் அனுப்பினால் இருபது அட்டைகள் அனுப்புகிறேன். ஒரே நிபந்தனை: அவற்றை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருக்காமல், வெட்டிப் பயன்படுத்த வேண்டும்.

பதில்: ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர், ஈரோடு

தம்பி சொல்வது சரி. ஆயிரக்கணக்கில் இருந்து எடைக்குப் போகும் தாள் வேறு, உலகத்தில் ஒன்றே ஒன்று இருக்கும் கடிதம் வேறு. ஜக்கார்டு அட்டையையும் ஹேங் டேக்கையும் தாராளமாக வெட்டுங்கள். கடிதத்தைப் பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை. அதில் எழுதியவர் கையெழுத்து மட்டும் இல்லை, அவர் யாருக்கு எழுதினாரோ அவரும் இருக்கிறார்.

முன்பு எழுத மறந்த ஒன்றையும் சேர்த்துவிடுகிறேன். தாளுக்கு நிறமேற்ற வேண்டுமானால் எங்கள் ஊர் மஞ்சளைக் கரைத்துத் தாளை முக்கிக் காய வைத்துப் பாருங்கள். காய்ந்த பிறகு சுண்ணாம்புத் தெளிவைத் தூரிகையால் தொட்டு வரைந்தால், ஆரத்தித் தட்டில் சிவப்பதைப் போலவே கோடு சிவந்து வரும். ஆனால் மஞ்சள் நிறம் வெயிலுக்கு நிற்காது. சுவரில் மாட்டும் படத்துக்கு அது ஆகாது, பெட்டிக்குள் இருக்கப்போகும் அட்டைக்கு ஆகும்.

தாள்துண்டு, திருப்பூர்

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை மறுபடி போனேன். கைப்பேசியைப் பையிலேயே வைத்துவிட்டு, ஒரு தேக்குத் துண்டின் முன்னால் நாற்பது நிமிடம் நின்றேன். முதல் பத்து நிமிடம் ஒன்றுமே நடக்கவில்லை, மற்றவற்றையும் பார்த்துவிடலாம் என்று கால் இழுத்தது. அதன் பிறகுதான் மையம் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கி இருப்பதும், ஒதுங்கிய பக்கத்தில் வளையங்கள் நெருங்கி மறுபக்கத்தில் விரிந்து கிடப்பதும் கண்ணில் பட்டன. ஓரிடத்தில் ஐந்தாறு வளையங்கள் மயிரிழை போல ஒட்டிக்கொண்டிருந்தன. அவை மழையில்லாத ஆண்டுகளாக இருக்கலாம் என்று எண்ணிக்கொண்டேன். அதற்கு அடுத்த வளையம் சட்டென்று அகலமாக இருந்தது.

ஆசிரியர் ஐயா சொல்லாமல் விட்ட தாள் எது என்று வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்ததும் தெரிந்தது. ஹேங் டேக்குகளை நான் இதுவரை முகத்தைப் பார்த்தே ஒட்டியிருக்கிறேன். அவற்றின் வெட்டு விளிம்பைப் பார்த்ததே இல்லை. வெள்ளை அட்டை, பழுப்பு அட்டை, நடுவில் கறுப்பு உள்ள அட்டை என்று விளிம்புகள் ஒவ்வொன்றும் ஒரு நிறம். அவற்றை மெல்லிய கீற்றுகளாக நறுக்கி, விளிம்பு மேலே தெரியும்படி வளைத்து நிறுத்தி ஒட்டினேன். மையத்தை இடது ஓரத்துக்கு ஒதுக்கினேன். நெருங்கும் இடத்தில் கீற்றுகளை நகத்தால் அழுத்தி அழுத்திச் சேர்த்தேன். சிறுமுகைத் தம்பி அனுப்பிய அட்டையிலிருந்து ஒரு விரல் அகலத் துண்டைக் கீழே வைத்தேன். அந்த எண்ணெய்க்கறை படிந்த துளைகள் பூச்சி துளைத்த மரப்பட்டை போலவே இருந்தன. பின்பக்கத்தில் வெறுந்தாள் ஒட்டிப் புத்தகங்களுக்கு அடியில் இரண்டு நாள் வைத்ததில் அட்டை வளையவே இல்லை. அப்பச்சியின் கடிதங்களைத் தனியாகத் துணியில் சுற்றி எடுத்து வைத்துவிட்டேன்.

உயரம் கூடியதால் ஒன்றை மட்டும் உறையில் போட்டுப் புனேக்கு அனுப்பினேன். தஞ்சாவூருக்கு அதையே தட்டையாகச் செய்து, மையத்தில் பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு வெற்றிடம் விட்டு, தபால் தலையைப் பக்கத்தில் ஒட்டி, முத்திரையை அந்த இடத்தில் போடச் சொல்லிக் கேட்டு வாங்கினேன். வட்டம் சற்றுச் சாய்ந்து, தேதியின் ஓர் இலக்கம் மட்டும் அழுத்தமாக விழுந்தது. அந்த அட்டை நேற்றுப் போய்ச் சேர்ந்துவிட்டது, ஓரம் எதுவும் உதிரவில்லை என்று சித்தி மகள் சொன்னாள். முத்திரையை மரத்தின் மையம் என்றே அவள் நினைத்திருக்கிறாள். புனே அட்டை இன்னும் சேரவில்லை.